நாலாவது டம்மி

கண்ணாடிக்குள் தெரிகிற டம்மியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று மெக்கானிக் சென்னியண்ணன் சொல்லிவிட்டுப் போய் மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது, கோகிலவாணிக்கு மூக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. வலது கையில் டார்ச். இடது கையில் அவள் கைப்பைக்குள் எப்போதும் கிடக்கிற வட்டக் கண்ணாடி. வேனின் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில் திமில் மாதிரி எழும்பியிருக்கும் என்ஜின் மூடியைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். அந்தக் குழிக்குள் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்துச் சீட்டில் குப்புறக் கிடந்தாள். என்ஜின் பிளாக்கின் பின்பக்கச் சுவரில், நேராகப் பார்த்தால் தெரியாத இடத்தில், இங்க் பாட்டில் மூடி அளவுக்கு வட்டமாகப் பித்தளையில் பளபளவென்று இருந்தது அது. பிளாக்கை வார்க்கும்போது உள்ளே நிற்கும் மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டை, அந்த ஓட்டையை அடைக்க அடித்த மூடி, பட்டறையில் அதற்குப் பெயர் டம்மி. மூடிக்குப் பின்னால் என்ஜின் சூட்டைத் தணிக்கச் சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீர். அதை உள்ளேயே நிறுத்தி வைப்பதைத் தவிர டம்மிக்கு வேறு வேலை கிடையாது. ஆட வேண்டாம், சுழல வேண்டாம், எரிய வேண்டாம், சும்மா நின்றால் போதும். அந்த ஒரு வேலையைத்தான் இந்த ஓட்டையில் அடித்த மூன்று டம்மிகளும் செய்யாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன. இது நாலாவது. நேற்றுச் சாயந்திரம் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என்ஜினை ஓடவிட்டு முக்கால் மணி நேரம் சூடேற்றிப் பார்க்க வேண்டும், நிற்கிறதா என்று. பார்க்கிற வேலை வாணிக்கு. உடம்பு ஒல்லி, கண்ணு கூர்மை, பேச்சுக் கெடையாது, "இதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கற கண்ணு" என்றார் சென்னியண்ணன். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவள் யோசிக்கும்போதுதான் மூக்கு. கடைசியில் தோளைத் தூக்கி அதில் தேய்த்துக்கொண்டாள். தேய்த்த நொடியில் வெளிச்சம் நகர்ந்து டம்மி காணாமல் போனது. வெளிச்சம் திரும்பி வந்தபோது அது இருந்த இடத்திலேயே இருந்தது. நிற்கிறது. நிற்கிறதா? நிற்கிறது.

வெளியே அம்மா பேசிக்கொண்டிருந்தாள். என்ஜின் சத்தத்துக்கு மேல் அம்மாவின் குரல் தனியாகக் கேட்கும். பதினொரு வருஷம் தறிக்குடோனில் நூலைத் தாராகச் சுற்றியவள். நாற்பது தறி அடிக்கிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவளிடம் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுக் கேட்டு ஏறிய சுருதி, குடோனை விட்டு வந்து எட்டு வருஷம் ஆகியும் இறங்கவில்லை. "ராக்கியண்ணா, டீ ஆறுது, குடிங்க மொதல்ல. வண்டி எங்கயும் ஓடிப் போயிராது" என்றாள் அம்மா. "ஓடாதுன்னுதான அம்மணி நான் வந்திருக்கறேன்" என்றார் ராக்கியண்ணன். பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கிறவர். சங்ககிரி ரோட்டில் அவர் ஷெட்டுக்குள் போன வண்டி முழுசாக வெளியே வந்தது கிடையாது. கதவு தனியாக வரும், கண்ணாடி தனியாக வரும், சீட்டு யாராவது ஒருவர் வீட்டு வாசலில் நாற்காலியாகக் கிடக்கும். இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று வாணி தலையைத் தூக்காமலே சொல்வாள். வேட்டி நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி 'ப்ச்' கொட்டியிருப்பார். போன புதன்கிழமை மூன்றாவது டம்மி விழுந்த கோபத்தில் அம்மாதான் அவரிடம் வாயை விட்டாள். "இன்னொருக்கா விழுந்துச்சுன்னா நானே வண்டிய ஓட்டியாந்து உங்க ஷெட்ல உட்டுட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போயர்றேன்." "விழுந்துட்டா எப்படி ஓட்டியாருவ?" என்று கேட்டார் அவர். "அப்பத் தள்ளிட்டு வாரேன்" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். வாணியும் சிரித்தாள். ஆனால் அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று அங்கே அவளுக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வீட்டிலும் சொல்லிவிட்டார்கள், திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கிறோம், அதற்குமேல் வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம், தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. யாரும் தப்பாக நினைக்கவில்லை. வேன் போனால் அம்மா மறுபடி குடோனுக்குப் போவாள், ஜன்னல் இல்லாத அந்தக் குடோனுக்கு, தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு, அவ்வளவுதான், அதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது.

அம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது முப்பத்தெட்டு வயதில். ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற முதல் பொம்பளை. முதல் நாள் யூனிஃபார்ம் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "ஏன் கண்ணு, போலீஸ்காரி மாதிரி இருக்கறனா, போஸ்ட்டுமேன் மாதிரி இருக்கறனா?" என்று கேட்டாள். வாணி அப்போது ஒன்பதாவது படித்தாள். தன் பள்ளிக்கூட வாசலில் அம்மா ஆரன் அடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது, மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கும். ஏன் அப்படி இருந்தது என்று இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது; அம்மாவின் ஆரன் எல்லா வண்டிகளின் ஆரனையும் போல் சாதாரணமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அவள் காதில் அது 'வாணீ, வாணீ' என்று ஊருக்கே கூப்பிட்டது. பேசாத பெண்ணுக்குப் போய் கோகிலவாணி என்று பெயர் வைத்ததும் அம்மாதான். அம்மா எதையும் சின்னதாகச் செய்ய மாட்டாள். போன புதன்கிழமைகூட. பெட்ரோல் பங்க் முன்னால் சாமி ஊர்வலம் குறுக்கே போக, அம்மா என்ஜினை அமர்த்திவிட்டு, பிள்ளைகளிடம் கும்பிட்டுக்கோங்க சாமி என்று சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கீழே 'டொப்' என்றது. புஸ்ஸென்று ஆவி. தாரை தாரையாகத் தண்ணீர் ரோட்டில் ஓடியது. பத்தொன்பது பிள்ளைகளும் கை தட்டினார்கள். யூகேஜி பாப்பா ஒன்று முன்னால் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, வண்டி ஒண்ணுக்குப் போயிருச்சா?" என்று கேட்டது. "ஆமாஞ்சாமி, அதுக்கும் அவசரம் வருமில்ல" என்று சொன்ன அம்மா, பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து இறக்கி, பங்க் நிழலில் வரிசையாக உட்கார வைத்து, வேறு வண்டி வரும்வரை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாளாம். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அழுதாள். அதையும் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். அம்மா சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த வாணிக்கு, தண்ணீர் விழுகிற சத்தம் எப்போது நிற்கும் என்று இருந்தது. நிற்கிறது. டம்மி நிற்கிறது. பிளாக்கிலிருந்து சூடு இப்போது கன்னத்துக்கு வரத் தொடங்கிவிட்டது. மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் சென்னியண்ணன், சூடு காட்டும் மீட்டர் எந்தக் காலத்திலோ செத்துவிட்டது. முழங்கையால் தொட்டாள். சுட்டது. நல்ல சூடு. இனிமேல்தான் விஷயம்.

விழுந்த மூன்று டம்மிகளையும் அவள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். எதற்கென்று தெரியாது. எதையும் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது. பஸ் டிக்கெட், தீர்ந்த பேனா, ஹால் டிக்கெட். மூன்றையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்திருந்தாள், ஒன்றில் ஊசி போட்டு வைக்கலாம் என்று நினைத்தாள். முதல் டம்மி விழுந்தபோது சென்னியண்ணன் ரேடியேட்டர் மூடியைக் குறை சொன்னார். மூடி இறுகிக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி டம்மியைத் தள்ளிவிடும், புது மூடி போட்டார். இரண்டாவது விழுந்தபோது என்ஜின் ஹெட்டில் கோளாறோ என்று ரேடியேட்டரைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று எல்லாரும் குனிந்து பார்த்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. ஒரு குமிழியும் வரவில்லை. ஓட்டைதான் தேய்ந்து பெரிசாயிருச்சு என்று முடிவு கட்டி, மூன்றாவது டம்மிக்குச் சுற்றிலும் பசையை அப்பி அடித்தார். அதுவும் விழுந்தது. அதற்குமேல் பிளாக்கையே மாற்ற வேண்டும், பிளாக்கை மாற்றுவதற்கு வண்டியையே மாற்றலாம், ராக்கியண்ணனுக்குப் போன் போட்டது அப்படித்தான். வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவாமல் ஜன்னலுக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள் வாணி. வெயில் ஜன்னல் கட்டையில் சாய்வாக விழுந்தது. மூன்று டம்மிகளும் பித்தளை மஞ்சள். மூன்றின் விளிம்பிலும் ஒரு வெள்ளி வளையம். நூல் மாதிரி மெலிசாக, ஒரே மாதிரி, ஒரே இடத்தில். ஒன்றில் இருந்தால் பார்த்திருக்க மாட்டாள். மூன்றிலும் இருந்தது. நகத்தால் சுரண்டினாள், நகத்துக்குள் வெள்ளி வந்தது. பித்தளைக்கு ஏது வெள்ளி? அது எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. டம்மி வேறு எங்கே போனது, அந்த ஓட்டைக்குள் போனது, அங்கிருந்து வந்தது. அப்படியானால் ஓட்டைக்குள்தான் வெள்ளி இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம். இதை ஒருவரிடம் சொல்ல மூன்று மணி நேரம்.

ஏனென்றால் யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அம்மா அடுத்த நொடி தெருவில் நின்று சொல்லிவிடுவாள். சென்னியண்ணன் முப்பத்திரண்டு வருஷமாக டம்மி அடிக்கிறவர், அவரிடம் போய் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒருத்தி, செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உன் பெயர் என்ன என்று கேட்டதற்கே தொண்டை அடைத்து நின்றவள், அண்ணா நீங்கள் அடித்தது தப்பு என்பதா? வாட்ஸப்பில் எழுதினாள். அழித்தாள். பதினொரு முறை. கடைசியில் மூன்று டம்மிகளையும் வெயிலில் வைத்துப் படம் எடுத்து, 'அண்ணா மூணுலயும் ஓரத்துல வெள்ளிக் கலர் இருக்குதுங்க. ஓட்டைக்குள்ள பெயின்ட் இருக்குமோன்னு ஒரு டவுட்டுங்க. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க' என்று அனுப்பினாள். உடனே நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அந்த நீல டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டார். சிரிக்கிறார். டீக்கடையில் காட்டிச் சிரிக்கிறார். இனிமேல் அந்தத் தெரு வழியாகவே போக முடியாது, கோயிலுக்குக்கூடச் சுற்றித்தான் போக வேண்டும். நாலரை மணிக்கு ஒரு கட்டை விரல் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு குரல் பதிவு, பின்னணியில் யாரோ இரும்பு அடிக்கிற சத்தம். "கண்ணு... ஓட்டைக்குள்ள வெரல உட்டுப் பாத்தேன். வழவழன்னு இருக்குது." கொஞ்ச நேரம் இரும்புச் சத்தம் மட்டும். "வழவழன்னு இருக்கக் கூடாது." மறுபடி இரும்பு. "அல்போன்ஸ்கிட்ட நீ எதுவுஞ் சொல்லிப்போடாத. நாம் பேசிக்கறேன்." அல்போன்ஸ் பெயின்டர். தகுதிச் சான்று வாங்க, அதாவது எஃப்.சி.க்கு, வண்டியைக் காட்டப் போகும் முன் தலை முதல் கால் வரை பெயின்ட் அடிப்பது இந்த ஊரில் கல்யாணப் பெண்ணை ஜோடிப்பதற்குச் சமம். டயருக்குக் கருப்பு, சக்கரக் கிண்ணத்துக்குச் சிவப்பு, என்ஜினுக்கு வெள்ளி. போர்வெல் தண்ணீரின் உப்பு அரித்த பழைய டம்மியை எஃப்.சி.க்கு முந்தின நாள் கழற்றிய சென்னியண்ணன், ஓட்டையில் ஒரு துணியைத் திணித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். விடிந்ததும் வந்த அல்போன்ஸ், திறந்து கிடந்தால் என்ன, மூடிக் கிடந்தால் என்ன, பிளாக் முழுக்க வெள்ளி அடித்திருக்கிறார், ஓட்டையின் உதடு வரைக்கும் சேர்த்து. ஒன்பது மணிக்கு வந்த சென்னியண்ணன் கைத்தடவலிலேயே புது டம்மியை அதன் மேல் அடித்திருக்கிறார். குளிர்ந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளும். சூடேறினால் பெயின்ட் இளகும், டம்மி அல்வாவில் வைத்த முந்திரி மாதிரி நழுவும். மூன்று டம்மிகளையும் யாரும் தள்ளவில்லை. வழுக்கிக்கொண்டு அவையாகவே வந்துவிட்டன. அழகாக இருக்க வேண்டும் என்று செய்ததுதான் எல்லாம்.

நேற்று அவர் ஓட்டையின் உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்ததையும், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்ததையும், மறுபடி தேய்த்ததையும் வாணி கதவோரம் நின்று பார்த்தாள். வெள்ளி போய், கருப்புப் போய், கடைசியில் சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு வந்தது, அப்போதுதான் பிறந்தது போல. டம்மியை வைத்து, அதன் மேல் சரியான அளவில் ஒரு ஸ்பானர் சாக்கெட்டை வைத்து, சுத்தியலால் அடித்தார். டொப். டொப். டொப். பிறகு ஒரு அடியில் சத்தம் மாறி 'டங்' என்றது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். இன்னொன்று அடிக்க மாட்டாரா என்று வாணிக்கு இருந்தது, ஆனால் அவர் அடிக்கவில்லை, அவருக்குப் போதும் என்று தெரிந்துவிட்டது. அந்த 'டங்' ராத்திரி படுத்த பிறகும் காதில் இருந்தது. சூடு ஏற ஏறப் பித்தளை இரும்பைவிட அதிகமாக விரியும், இரண்டாம் வருஷப் புத்தகத்தில் அட்டவணை இருந்தது, இடது பக்கம், மேலே. அப்படியானால் வெறும் இரும்புக்குள் உட்கார்ந்த பித்தளை சூடானால் இன்னும் இறுகத்தான் செய்யும். இறுக வேண்டும். அட்டவணை பொய் சொல்லாது. ஆனால் அட்டவணையில் அல்போன்ஸ் கிடையாது, புதன்கிழமை கிடையாது. வெளிநாட்டில் இதற்கு உறைபனி மூடி என்கிற மாதிரி ஒரு பெயர் இருக்கிறதென்று வெள்ளிக்கிழமை போனில் படித்தாள். பனி ஊர்களில் ராத்திரி வண்டியை நிறுத்தினால் உள்ளே தண்ணீர் உறைந்து கல்லாகி வீங்குமாம், அப்போது பிளாக் வெடிக்காமல் இந்த மூடி வெளியே வந்துவிடும் என்று அங்கே பலர் நம்புகிறார்களாம். திருச்செங்கோட்டில் பனி! மலைப்பாறை முழுக்கப் பகலில் குடித்த வெயிலை விடியும்வரை ஊருக்குள் ஊதிக்கொண்டிருக்கிற ஊர். ஒரு நொடி வாணிக்குப் பனி தெரிந்தது, பாறை மேல், தறிக்குடோன் ஓட்டின் மேல், ராக்கியண்ணனின் மீசை மேல், அம்மா யூனிஃபார்ம் சட்டைக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு, பத்தொன்பது பிள்ளைகளும் வாயிலிருந்து ஆவி விட்டுக்கொண்டு. யாரோ ஒருவர் அங்கே, எந்தப் பனி ஊரிலோ, இதே மாதிரி கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு குப்புறக் கிடப்பார், அவருக்கும் மூக்கு அரிக்கும். அவருக்குக் கை விறைத்திருக்கும், எனக்கு வேர்க்கிறது. சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தாள், என்ஜினோடு சேர்ந்து. இப்படிக் கிடப்பது பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை, பார்ப்பது மட்டுமே வேலை, பார்த்ததைக் கேட்க எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

அப்போது கண்ணாடியில் ஒரு சொட்டுத் தெரிந்தது. டம்மிக்குச் சற்று மேலே, பிளாக்கின் மேல் உருண்டு, ஒரு கணம் நின்று, சுருங்கி, உஸ்ஸென்று போய்விட்டது. இல்லை. பார்க்கவில்லை. டார்ச் மினுக்கியிருக்கும். இன்னொன்று. அது டம்மியின் விளிம்புக்கே வந்து, விளிம்போடு வளைந்து ஓடி, காய்ந்தது. சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். சொன்னால் சாவி போகும். சொல்லாவிட்டால்? ஒரு சொட்டுதானே, உஸ்ஸென்று காய்ந்துவிட்டதே, சென்னியண்ணன் பார்த்திருக்க மாட்டார், அம்மா பார்த்திருக்க மாட்டாள், பார்க்கிற வேலை என்னிடம்தானே இருக்கிறது, நான் பார்க்கவில்லை என்றால் அது இல்லை. நாளைக் காலை எட்டேகாலுக்குப் பத்தொன்பது பிள்ளைகள். இந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் யூகேஜி பாப்பா உட்காரும், முன் சீட்டில் உட்கார்ந்தால்தான் அதற்கு வாந்தி வராது. ஆவி அடித்தால் நேரே முகத்தில். "அம்மா" என்றாள் வாணி. குரல் என்ஜினைத் தாண்டவில்லை, அவள் உதட்டையே தாண்டவில்லை. கண்ணாடியை இன்னும் தாழ்த்தினாள். மூன்றாவது சொட்டு. இந்தத் தடவை அது விழுவதைப் பார்த்தாள். பிளாக்கிலிருந்து வரவில்லை, மேலிருந்து விழுந்தது. மேலே என்ன இருக்கிறது? ஒரு ஹோஸ், அது காய்ந்திருக்கிறது. ஒரு ஒயர். அதற்கு மேலே வாணியின் தாடை. நேற்று ரேடியேட்டரில் ஊற்றியது போர் தண்ணீர் இல்லை, கூலன்ட், வேப்பிலைச் சாறு மாதிரிப் பச்சை, உள்ளேயிருந்து வந்தால் பச்சையாகத்தான் வரும். இதற்கு நிறமே இல்லை. நாலாவது சொட்டு மூக்கு நுனியில் திரண்டு, கண்ணுக்கு மிக அருகில் பெரிதாகி, அதற்குள் தலைகீழாக டார்ச் வெளிச்சம், விழுந்தது. உஸ். நான். நான்தான் ஒழுகுகிறேன். முக்கால் மணி நேரம் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தால் யார்தான் ஒழுக மாட்டார்கள்! முதலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் குலுங்கியது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள், டம்மியைச் சுற்றி விளிம்பு விளிம்பாக. உலர்ந்திருந்தது. எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது.

"ஒழுகலைங்" என்றாள் தலையைத் தூக்கி. யாருக்கும் கேட்கவில்லை. அம்மா ராக்கியண்ணனிடம் டயரை உதைக்காதீங்க, அதுக்கு வலிக்கும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "ஒழுகலைங்ண்ணா." சென்னியண்ணன் காதில் கையை வைத்து, "என்ன கண்ணு?" என்றார், கேட்காமல் போகவே கையை உள்ளே நீட்டி என்ஜினை அமர்த்திவிட்டார். உலகம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நாள், தெருவே வாயை மூடிக்கொண்டது. டீக்கடைக்காரர், எதிர்ப் பட்டறையில் இரண்டு பேர், ராக்கியண்ணன், அம்மா, எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்தச் செய்முறைத் தேர்வாளர் பார்த்த மாதிரியே. "என்ன கண்ணு சொன்ன?" என்றார் சென்னியண்ணன். வாணி சொல்ல வாயைத் திறந்தாள், திறந்தபோதுதான் இன்னொன்று பொறி தட்டியது. மூன்று டம்மிகளும் ஓடும்போது விழவில்லை. நிறுத்திய பிறகுதான் விழுந்தன. ஊர்வலத்துக்கு நிறுத்திய பிறகு. பள்ளிக்கூட வாசலில் நிறுத்திய பிறகு. வீட்டு முன்னால் நிறுத்திய பிறகு. ஓடுகிறவரை தண்ணீரும் ஓடிச் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும்; நின்றால் தண்ணீரும் நின்றுபோய், சூடு போக்கிடம் இல்லாமல் உள்ளேயே ஏறும். "இன்னும் முடியலைங்ண்ணா. இப்பத்தான் ஆரம்பம். யாரும் பேசாதீங்க" என்றாள். யாரும் பேசவில்லை. அம்மாகூட. குழிக்குள் என்ஜின் டிக் என்றது. டிக், டிக். ஒவ்வொரு டிக்குக்கும் வாணியின் தோள் ஒடுங்கியது. ராக்கியண்ணன் வேட்டி நுனியை விட்டுவிட்டு, சத்தம் வராமல் நடந்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சென்னியண்ணன் போன் அடித்துவிடக் கூடாதே என்று சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ஹோஸ் உறுமியது, அடங்கியது. ஐந்து நிமிஷம். எட்டு. ராக்கியண்ணனுக்குத் தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை அப்படியே விழுங்கினார், முகம் சிவந்து கண்ணில் நீர் வந்தது. பத்து நிமிஷம். புதன்கிழமை ஊர்வலத்தில் மூன்று நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பதினைந்து. டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே இடைவெளி நீண்டது. பித்தளையில் டார்ச் வெளிச்சம் ஆடாமல் நின்றது. டிக். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

"நிக்குதும்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த அமைதியில் அது டீக்கடை வரைக்கும் கேட்டது. அம்மா ஓடி வந்து, எண்ணெயும் கரியும் அப்பிய அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள், கொடுத்த கையோடு, "எந்தூட்டுப் புள்ள இது! என்ற புள்ள!" என்று கத்தினாளே பார்க்கலாம், எதிர்ப் பட்டறைக் கூரையிலிருந்து புறாக்கள் எழும்பின. வாணிக்கு மண்ணுக்குள் போகத் தோன்றவில்லை. சென்னியண்ணன் என்ஜின் மூடியைத் தூக்கி வந்து மாட்டினார். அவளைப் பார்க்காமல் திருகாணியைத் திருகிக்கொண்டே, "அடுத்த வாரம் ஒரு லாரி வருது கண்ணு, எங்க ஒழுகுதுன்னே தெரியல. உனக்கு நேரமிருந்தா வந்து பாத்துட்டுப் போ" என்றார். "வாரேங்ண்ணா" என்றது அவள் வாய், அவளைக் கேட்காமலே. ராக்கியண்ணன் செருப்பைத் தேடினார். "எங்க கெளம்பிட்டீங்க? வண்டியோட போலாம்னுதான வந்தீங்க?" என்றாள் அம்மா டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டே. "ஏறுங்கண்ணா, வண்டியோடயே போலாம்." "ஏம்மணி, என்னையவே ஏத்திட்டுப் போறயா?" என்று சிரித்தாலும் அவர் ஏறினார். முதல் வரிசையில் யூகேஜி பாப்பாவின் சீட்தான் முதலில் அகப்பட்டது, முழங்கால் இரண்டும் தாடையை இடிக்க அதில் உட்கார்ந்தார். அம்மா சாவியைத் திருப்பினாள். வேன் சந்தைப்பேட்டை தாண்டியது, பேருந்து நிலையம் தாண்டியது, மலை அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு சங்ககிரி ரோட்டில் ஏறியது. காற்று எல்லா ஜன்னல் வழியாகவும் உள்ளே வந்து வாணியின் நனைந்த சட்டையைக் குளிர வைத்தது. "அம்மணி, என்ற ஷெட்டு போயிருச்சு" என்றார் ராக்கியண்ணன். "தெரியுங்ண்ணா. சூடான வண்டி, கொஞ்ச தூரம் ஓடட்டும்" என்றாள் அம்மா. அவர் திரும்பிப் பின்னால் போகிற தன் ஷெட்டைப் பார்த்தார், முன்னால் காலியாகக் கிடக்கிற ரோட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்து ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுக்கொண்டார்.